பெருக்காமல் நின்ற மண்டலம்

ஒரு விண்மீன் மண்டலம் சிறியதாக இருப்பதால் மட்டும் அதை ஆதிகாலத்து மிச்சம் என்று சொல்லிவிட முடியாது. என்ஜிசி 1277-ஐ அப்படிச் சொல்வதற்கு அளவைவிட வலுவான சாட்சி அதன் நட்சத்திரங்களிடம் இருக்கிறது. 20 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், கார்த்திகை மீன்களுக்கு வடக்கே, பெர்சியஸ் விண்மீன் குழுவின் திசையில் இருக்கிறது இது. மார்கழித் தொடக்கத்தில் இரவு பத்து மணிவாக்கில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தின் வடக்கு வானில் அந்தத் திசை நன்றாக உயர்ந்திருக்கும்; மண்டலம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நம் பால்வெளியைப்போல் இரண்டு மடங்கு நட்சத்திரங்கள், அதில் கால்வாசி இடத்துக்குள். பிரபஞ்சம் தோன்றிய முதல் 300 கோடி ஆண்டுகளில் இப்படிச் செறிந்த மண்டலங்கள் நிறையவே இருந்தன. பிறகு அவற்றில் பெரும்பாலானவை அக்கம்பக்கத்துச் சிறு மண்டலங்களை விழுங்கி அகலத்தில் பெருத்தன. இது பெருக்கவில்லை.

காஞ்சிபுரத்துச் சரிகையில் எக்ஸ்ரே பாய்ச்சி, திரும்பி வரும் கதிர்களை வைத்தே வெள்ளி, செம்பு, தங்கம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். வானியலும் ஒளியைப் பிரித்தே தனிமங்களை அறிகிறது. மெக்னீசியத்தை உண்டாக்கும் பெருநட்சத்திரங்கள் சில கோடி ஆண்டுகளில் வெடித்து அதை இறைத்துவிடும். இரும்பின் பெரும்பகுதி வருவதற்கு, எரிந்து முடிந்த நட்சத்திரங்களின் மிச்சமான வெண்குறுமீன்கள் வெடிக்க வேண்டும். 1930-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், வழியிலேயே போடத் தொடங்கிய கணக்கு இங்கேதான் உதவுகிறது: சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை ஏறினால் வெண்குறுமீன் தாங்காது. அந்த நிலை வர 100 கோடி ஆண்டுகூட ஆகலாம். என்ஜிசி 1277-ன் ஒளியில் இரும்பைவிட மெக்னீசியம் தூக்கலாக இருக்கிறது. இரும்பு வந்து சேரும் முன்பே அங்கே நட்சத்திரப் பிறப்பு நின்றுவிட்டது. அங்குள்ள நட்சத்திரங்களின் வயது 1000 கோடி ஆண்டுக்கு மேல்.

முதிய நட்சத்திரங்களைப்போலவே, கனத் தனிமங்கள் மிகுந்த இளைய நட்சத்திரங்களும் சிவந்துதானே தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் நிறத்தை மட்டும் நம்பாமல், வயதுக்கேற்ப மாறும் ஹைட்ரஜன் வரிகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இன்னொரு ஆட்சேபம் கடினமானது: இது இருக்கும் நெரிசலான பெர்சியஸ் மண்டலக் கொத்தில் அண்டை மண்டலங்கள் இதன் வெளிப்பகுதியை உரித்திருக்கக்கூடாதா? உரித்த தழும்பு எதுவும் படங்களில் இல்லை. 2018-ல் ஹப்பிள் காட்டியது இன்னும் முக்கியம்: இதைச் சுற்றியுள்ள கோள வடிவ நட்சத்திரக் கொத்துகளில், விழுங்கப்பட்ட சிறு மண்டலங்களோடு வந்து சேர வேண்டிய நீல வகை ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் 2023-ல் இதன் உட்பகுதியில் கரும்பொருளும் மிகக் குறைவு என்று தெரியவந்ததால், உரித்தல் வாதத்தை முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை. இருந்தாலும் கரும்பொருள் போனதால் நட்சத்திரங்களின் மெக்னீசியக் கணக்கு மாறாது. எனக்கு இதைவிட உறுதியாகப் படுவது மார்க்கேரியன் 1216 என்ற இன்னொரு மண்டலம். உரிக்க அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாமல் தனித்திருக்கும் அதில் கரும்பொருளுக்குக் குறைவில்லை. நட்சத்திரங்கள் மட்டும் அதே பழமை, அதே செறிவு.