பிள்ளைக்குச் சுட்டுவிட்டால்...

பிள்ளைக்கு ஒரு காயம் பட்டாலும் "எல்லாம் என்னால்தான்" என்று தங்களையே நோகும் தாய்மாரைப் படுவான்கரைக் கிராமங்களில் அடிக்கடி சந்திக்கிறேன். போரில் பலவற்றை இழந்தவர்களுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம்.

அவர்களில் ஒருவர், கணவனை இழந்து தனியே பிள்ளை வளர்ப்பவர். அவருடைய இரண்டு வயது மகன் கேத்தலை இழுத்ததில் கொதிநீர் கையில் கொட்டிவிட்டது. அயலவர்கள் பற்பசை பூசினார்கள். டொக்டர் ஏசுவாரோ என்று பயந்து மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். காய்ந்த பற்பசையைக் கழுவி எடுக்கும்போது பிள்ளை துடித்தது. அங்கே அவரை யாரும் ஏசவில்லை.

சகோதரிகளே, சுட்ட இடத்தில் உடனே 20 நிமிடம் குளிர்ந்த, சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். சூடு தோலின் அடிவரை இறங்குவதை அது குறைக்கும். 3 மணித்தியாலத்துக்குள் ஊற்றினாலும் பலன் உண்டு. காப்பு, அரைஞாண் முதலியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். பற்பசை, எண்ணெய், ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காயத்தைச் சுத்தமான துணியால் மூடி, பிள்ளையைக் குளிராமல் போர்த்திக்கொண்டு புறப்படுங்கள்.

வாவியைக் கடந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போக வாகனம் இல்லையா? 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் தொடங்கிய 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை இன்று நாடு முழுவதும் உண்டு. அது இலவசம். அரச ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் இலவசமே.

எப்போது சுட்டது, எதனால் சுட்டது, என்ன பூசினீர்கள் என்று டொக்டர் கேட்பது வைத்தியத்துக்காகத்தான். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் அடுப்படி வாசலுக்கு ஒரு சிறு படலை போட்டுவிடுங்கள்.