மகன், அப்பா, பி படிவம்

ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலுக்கு மனு கொடுக்கும் நேரம் 2025 ஜனவரி 17-ம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3 மணியோடு முடிந்தது. 10-ம் தேதியே தொடங்கிவிட்டதாகப் பெயர். சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை போக மனு வாங்கியது மூன்றே நாள். அந்த அவசரத்தில் வாசகர் கடிதங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: மகன் இறந்ததும் அப்பா நின்றார், அப்பாவும் போன பிறகு அந்த வீட்டில் யாருக்கும் ஏன் வாய்ப்பு இல்லை, இதற்கெல்லாம் ஏதாவது விதி உண்டா?

கிடையாது. எல்லாம் பி படிவம் என்ற ஒரு தாளில் முடிந்துவிடுகிறது.

அந்த மகன் திருமகன் ஈவெரா. 2021-ல் இத்தொகுதியில் காங்கிரஸின் கை சின்னத்தில் 67,300 வாக்கு வாங்கி, 8,904 வித்தியாசத்தில் ஜெயித்தார். நாற்பதைத் தாண்டியவர் என்றாலும் நம் கட்சிகளின் கணக்கில் இளைஞர்தான். அப்பா ஈவிகேஎஸ் இளங்கோவன் மத்திய இணை அமைச்சராக இருந்தவர், தாத்தா ஈ.வெ.கி. சம்பத், பெரியாரின் அண்ணன் மகன். திராவிடர் கழகத்தைத் தேர்தலுக்கு வெளியே நிறுத்தியவரின் அண்ணன் வழியில்தான் தலைமுறை தலைமுறையாக வேட்பாளர்கள் வந்தார்கள். 2023 ஜனவரி 4 அன்று மாரடைப்பில் திருமகன் இறந்தபோது வயது 46. இளைய மகன் சஞ்சய் சம்பத்தின் பெயர் அடிபட்டது. காங்கிரஸ் மேலிடம் அப்பாவையே நிறுத்தியது. மகன் விட்ட இடத்தில் எழுபதைக் கடந்த தந்தை உட்கார்ந்தார். 2024 டிசம்பர் 14 அன்று அவரும் காலமானார்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். கட்சி சார்பில் கையெழுத்துப் போடுபவர் யார் என்று சொல்வது ஏ படிவம். அந்த ஆள், இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று எழுதிக்கொடுப்பது பி படிவம். கையெழுத்து மையில் இருக்க வேண்டும். ரப்பர் முத்திரையோ நகலோ செல்லாது. கடைசி நாள் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குப் போய்விட வேண்டும். அதுவரை, முன்பு கொடுத்தது ரத்து என்று எழுதி, மனு போட்டிருக்கும் வேறொருவர் பெயருக்கு மாற்றவும் செய்யலாம். மாற்று வேட்பாளருக்கும் அதிலேயே இடம் உண்டு. பல தொகுதிகளில் அங்கே மனைவி, மகன், தம்பி பெயரைப் பார்க்கலாம்.

மையைப் பற்றி இத்தனை கவலைப்படும் விதி, அந்தப் பெயரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்பதில்லை. பட்டா மாற்றவே வாரிசுச் சான்று, விசாரணை என்று அலைய வேண்டியிருக்கிறது; தொகுதி கைமாற ஒரு கையெழுத்து போதும். விருப்ப மனு, நேர்காணல், ‘தொண்டர்களின் விருப்பம்’ எல்லாம் கட்சிகள் தாமே சொல்லிக்கொள்வது. குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால் மட்டும் ஏன் அவர் என்று கட்சி காரணம் வெளியிட வேண்டும். வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தலைவரின் மகன் என்பதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

அந்தக் கையெழுத்தின் மதிப்பை இதே ஈரோடு 2023-ல் பார்த்தது. பழனிசாமி, பன்னீர்செல்வம் சண்டையில் அதிமுகவின் படிவத்தில் யார் கையெழுத்திடுவது என்பது உச்ச நீதிமன்றம்வரை போனது. பொதுக்குழு உறுப்பினர்களின் ஒப்புதலைப் பெற்று, அவைத் தலைவர் தமிழ்மகன் உசேன் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்பட்டும் என்று நீதிமன்றம் வழி சொன்ன பிறகே கே.எஸ். தென்னரசுவுக்கு இரட்டை இலை கிடைத்தது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் பொதுக்குழுவைக் கேட்கலாம் என்பது அப்போது நீதிமன்றத்துக்குத்தான் தோன்றியது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இடைத்தேர்தல் கட்டாயமா? சபையின் மீதமுள்ள ஆயுள் ஓராண்டுக்குக் குறையாமல் இருந்தால் ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும். இங்கே 2026 மே வரை இருந்தது.

2025-ல் ஏன் காங்கிரஸ் இல்லை? திமுக எடுத்துக்கொண்டது; ‘கூட்டணி நலன்’ என்றார்கள்.

திமுக நிறுத்திய வி.சி. சந்திரகுமார் யார்? 2011-ல் தேமுதிக சார்பில் இத்தொகுதியின் முதல் எம்எல்ஏ. 2016-ல் திமுக வேட்பாளராகத் தோற்றவர்.

அதிமுக ஏன் நிற்கவில்லை? நியாயமாக நடக்காது என்பது அவர்கள் வாதமாக இருந்தது. 2023-ல் தோற்றது 66,233 வாக்கில்.

டெபாசிட்? 10,000 ரூபாய், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்குப் பாதி.

பி படிவம் கிடைக்காதவர் நிற்கலாமா? தாராளமாக; சுயேச்சையாக, பத்துப் பேர் முன்மொழிந்தால் போதும். 2023-ல் இங்கே 77 பேர் நின்றார்கள், சாவடிக்கு ஐந்து வாக்குப்பதிவு இயந்திரம் வைக்க வேண்டியிருந்தது.