முகத்தலும் நிறுத்தலும்

மாணவர்களே! பொருள்களை அளக்க நம் முன்னோர் பல முறைகளைக் கையாண்டனர். எண்ணிக்கை கொண்டு அளப்பது எண்ணல். தராசில் இட்டு அளப்பது நிறுத்தல். கலத்தால் மொண்டு அளப்பது முகத்தல். நீளத்தை அளப்பது நீட்டல். ஆழாக்கு, உழக்கு, படி ஆகியவை முகத்தல் அளவைகள். பலம், வீசை, மணங்கு ஆகியவை நிறுத்தல் அளவைகள். இன்று நாம் லிட்டரையும் கிராமையும் பயன்படுத்துகிறோம்.

கேக் செய்யும் முறையைக் கூறும் நூல்களுள் சில, 'இரண்டு கோப்பை மைதா' என்று முகத்தல் அளவையில் கூறும். வேறு சில, '240 கிராம் மைதா' என்று நிறுத்தல் அளவையில் கூறும். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எவ்வாறு?

240 மில்லிலிட்டர் கொள்ளும் கோப்பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் நிறையும் நீரின் எடை ஏறத்தாழ 240 கிராம். அதே கோப்பையில் சர்க்கரை ஏறத்தாழ 200 கிராம் கொள்ளும். மைதாவோ ஏறத்தாழ 120 கிராம்தான் கொள்ளும். மாவின் நுண்துகள்களுக்கு இடையே காற்று மிகுதியாகத் தங்குவதே இதற்குக் காரணம். ஆகவே, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே கணக்கிடுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 300 கிராம் சர்க்கரை வேண்டுமெனில், 300 ÷ 200 = 1½ கோப்பை. 300 கிராம் மைதா வேண்டுமெனில், 300 ÷ 120 = 2½ கோப்பை. எடை ஒன்றே, கோப்பைக் கணக்கு வேறு.

மாவை அளக்கும் முறையாலும் எடை மாறும். கரண்டியால் மெல்ல இட்டு, மேற்புறத்தைக் கத்தியால் சமன்செய்தால் கோப்பைக்கு 120 கிராம். கோப்பையை மாவுக்குள் அமிழ்த்தி அழுத்தி எடுத்தால் 150 கிராம் வரை சேர்ந்துவிடும். இரண்டு கோப்பைக்கு 60 கிராம், அதாவது கால் பங்கு மாவு மிகுந்துவிடும். கேக் கெட்டியாகி வறண்டுபோகும். சாம்பாரில் உப்புக் குறைந்தால் பின்னர்ச் சேர்க்கலாம். அடுப்பில் வெந்துவிட்ட கேக்கைத் திருத்த இயலுமா? இதனை உணர்ந்தே, பாஸ்டன் நகரின் ஃபேனி ஃபார்மர் என்னும் அம்மையார், 1896ஆம் ஆண்டு வெளியிட்ட தம் சமையல் நூலில், கோப்பையையும் கரண்டியையும் மட்டமாக நிரப்பி அளக்குமாறு வலியுறுத்தினார்.

கோப்பையின் அளவும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆஸ்திரேலியாவில் அது 250 மில்லிலிட்டர். ஜப்பானில் 200 மில்லிலிட்டர். ஆனால், 100 கிராம் மைதா சலித்தாலும் அழுத்தினாலும், எந்நாட்டில் நிறுத்தாலும் 100 கிராமே. ஆதலால், பக்குவம் பிறழாது சமைக்க விரும்புவோர் மாவை நிறுத்தே எடுப்பர். பால், எண்ணெய் போன்ற நீர்மங்களை முகந்து எடுப்பர்.

பயிற்சி

1. 180 கிராம் மைதாவுக்கு எத்தனை கோப்பை தேவை?
2. முக்கால் கோப்பைச் சர்க்கரையின் எடை என்ன?
3. உங்கள் வீட்டு டம்ளரில் நீர், அரிசி, மாவு ஆகியவற்றைத் தனித்தனியே நிரப்பி நிறுத்து, அட்டவணையாக எழுதுக. வேறுபாட்டின் காரணத்தை இரண்டு தொடர்களில் விளக்குக.