பேஸ் கிட்டாருக்கு மிடி: வாங்கும் முன் ஒரு கணக்கு

பேஸ் கிட்டாரின் தடித்த இ தந்தியை, ஃபிரெட் எதையும் அழுத்தாமல் மீட்டினால், அது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வு முடிய 24 மில்லி விநாடி ஆகிறது. பேஸ் வாசிப்பவர்கள் மிடி பக்கம் வந்ததும் படும் பாட்டில் பெரும்பகுதி இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். பெட்டியின் மேலும் அச்சிட்டிருக்காது.

மிடி பிறந்தது கீபோர்டுக்காரர்களுக்காக. 1980களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் கீபோர்டைக் கொண்டு இன்னொரு நிறுவனத்தின் சின்தசைசரை ஒலிக்கவைப்பது பெரும் தலைவலி. அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தை நடத்திய டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுடாரோ ககேஹாஷியும் முன்னின்று எல்லாக் கருவிகளுக்கும் ஒரு பொதுவிதியைக் கொண்டுவந்தார்கள். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், ஸ்மித்தின் ப்ராஃபெட் 600ஐயும் ரோலண்டின் ஜூபிடர் 6ஐயும் ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றை வாசித்து மற்றொன்றைப் பாடவைத்துக் காட்டினார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2013இல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

அந்தக் கேபிளில் ஓசை ஓடுவதில்லை, செய்தி ஓடுகிறது. எந்த நோட், எவ்வளவு அழுத்தமாக வாசித்தார்கள், எப்போது விட்டார்கள் என்ற தகவல் மட்டுமே. நோட்டுகளுக்கு 0 முதல் 127 வரை எண் உண்டு. பியானோவின் நடு சி 60, பேஸின் திறந்த இ 28. செய்தியை வாங்கிக்கொள்ளும் கருவியோ கணினியோதான் அதைச் செலோவாகவோ ஆர்கனாகவோ ஒலிக்கவைக்கிறது. ஒரு நோட் தொடங்கியதைச் சொல்லும் செய்தி மூன்று பைட். நொடிக்கு 31,250 பிட் என்ற பழைய வேகத்திலேயே அது போய்ச்சேர ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. ஆகவே ‘மிடி என்றாலே தாமதம்’ என்று பேசிக்கொள்வதில் நியாயம் இல்லை. தாமதம் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

கீபோர்டில் ஒவ்வொரு கட்டையும் ஒரு சுவிட்ச். விரல் பட்டதும் எந்த நோட் என்பது கருவிக்குத் தெரிந்துவிடும். பேஸில் சுவிட்ச் இல்லை. தந்தி அதிர்கிறது, பிக்கப் அதை மின்னலையாக மாற்றுகிறது, அந்த அலையைப் பார்த்து ஒரு சில்லு சுருதியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓர் அதிர்வு முழுதாக முடிந்தால்தான் அதன் நீளம் தெரியும். அது தற்செயலான சத்தம் அல்ல என்று உறுதிசெய்ய, பெரும்பாலும் இன்னொரு அதிர்வும் வேண்டும். இ தந்தியில் இரண்டு அதிர்வுக்கு 48 மில்லி விநாடி. காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது. அந்தக் கணக்கில், ஆம்ப் உங்களிடமிருந்து பதினாறு மீட்டர் தள்ளி நின்றால் எப்படியோ அப்படி. டிரம்மரின் கிக் காலடியில் கேட்கும், உங்கள் நோட் மண்டபத்தின் மறுகோடியிலிருந்து வரும். ஐந்து தந்தி பேஸின் கீழ் பி இன்னும் மோசம்: ஓர் அதிர்வுக்கே 32 மில்லி விநாடி. அதே வேலையைச் சாதாரண கிட்டாரின் இ தந்தி பாதி நேரத்தில் முடித்துவிடுகிறது. கிட்டாருக்கு நன்றாக உழைக்கும் மிடி கருவி பேஸில் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான், தரக்குறைவு அல்ல.

தாமதம் போதாதென்று குழப்பமும் உண்டு. விரல் தந்தியை விடும் அந்தக் கணத்தில் வருவது சுருதி அல்ல, வெறும் இரைச்சல். அது அடங்கியதும் அடிநாதத்தைவிட அதன் மேல் நாதங்கள் ஓங்கி நிற்கலாம். தாழ்ந்த நோட்டுகளில், அதுவும் பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பிக்கப்பில், இது வழக்கம். அதனால் நீங்கள் வாசித்தது 28, எழுதப்படுவது 40. ஒரு ஆக்டேவ் மேலே போய்விடும்.

பொறியாளர்கள் நாற்பது ஆண்டாக இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். ரோலண்ட் 1985இல் ஜிஆர்-77பி என்ற பேஸ் சின்தசைசரை, அதற்கென்றே செய்த விசித்திர வடிவப் பேஸோடு சேர்த்து விற்றது. ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிப் பிக்கப் வைப்பது ரோலண்டின் வழி. தந்திகளின் ஒலி ஒன்றோடொன்று கலக்காததால் ஊகம் எளிதாகும். ஜிகே-3பி என்ற அந்தப் பிக்கப்பை எந்தப் பேஸிலும் பிரிட்ஜை ஒட்டிப் பொருத்தி, 13 முள் கேபிளால் இணைப்பார்கள். 2023இல் அதன் இடத்துக்கு ஜிகே-5பி வந்தது, கேபிளும் மாறிவிட்டது. பழையதையும் புதியதையும் கலந்து வாங்கினால் நடுவில் ஒரு மாற்றிப் பெட்டிக்கும் காசு எடுத்துவைக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆஸ்திரேலியப் பொறியாளர் ஸ்டீவ் சிக் பிடித்த வழி வேறு. என் கண்ணுக்கு அதுவே புத்திசாலித்தனமான வழி. சுருதியை ஊகிக்கவே வேண்டாம், விரல் எந்த ஃபிரெட்டில் இருக்கிறது என்று மின்சாரத்தைக் கேட்டால் போதும் என்றார் அவர். ஃபிரெட்டுகளைத் தந்திக்கொரு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒயர் இழுத்தார்கள். தந்தி ஃபிரெட்டைத் தொட்டதும் நோட் தெரிந்துவிடும்; மீட்டும்போது அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதும். 24 மில்லி விநாடிக் கணக்கு இங்கே செல்லாது. பிரிட்டனின் வால், அமெரிக்காவின் பீவி ஆகிய நிறுவனங்கள் 1980களிலும் 90களிலும் இந்த முறையில் பேஸ் செய்தன. பின்னர் ஆஸ்திரேலியாவின் இண்டஸ்ட்ரியல் ரேடியோ அதைத் தொடர்ந்தது. கழுத்து முழுக்க ஒயர் என்பதால் விலை அதிகம், பழுது பார்க்கவும் ஆள் அரிது. ஃபிரெட்லெஸ் வாசிப்பவர்களுக்கு இது உதவவே உதவாது.

கனடாவின் ரஷ் குழுவில் கெடி லீ இன்னும் எளிய வழியைக் கண்டார். மூவர் மட்டுமே கொண்ட குழுவில் பேஸும் வாசித்து, பாடவும் பாடிய அவர், சின்த் ஒலிகளுக்குக் கால்களைப் பயன்படுத்தினார். முதலில் மூக் டாரஸ் பெடல்கள், பிறகு மிடி பெடல்கள். கைகள் பேஸில், கால் தாழ்ந்த நோட்டில். அங்கே இருப்பது சுவிட்ச். ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை.

உங்களுக்கு வேண்டியது எது?

மிடி வேண்டும் என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் மிடி தேவையில்லை. பேஸிலிருந்து கொழுத்த சின்த் ஒலி வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு பாஸ், எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் போன்ற நிறுவனங்களின் பேஸ் சின்த் பெடல்கள் இருக்கின்றன. அவை சுருதிக்கு எண் போடுவதில்லை; தந்தியின் அலையையே முறுக்கி ஒலியை மாற்றுகின்றன. ஆகவே தாமதம் உணர முடியாத அளவுதான். ஜாருவும் கமகமும் கைபோன போக்கில் அப்படியே வரும். வயலின் ஒலியோ பியானோ ஒலியோ மட்டும் வராது.

இன்னொரு கூட்டத்துக்கு வேண்டியது மேடையில் பெடல்களை ஆட்டுவிப்பது. ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போகும்போது நான்கு பெடலைக் குனிந்து மாற்றாமல், ஒரே மிதியில் எல்லாம் மாற வேண்டும். டிலே பாட்டின் தாளத்தோடு ஓட வேண்டும். மிடி மிக ஒழுங்காகச் செய்யும் வேலை இது. ஒரு மிடி ஃபுட் கண்ட்ரோலர் போதும், பேஸில் எதையும் பொருத்த வேண்டாம். கால் நோட்டுக்கு 24 துடிப்பு என்று தாளம் கேபிளில் போகும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சிறிய பெடல்களில் ஐந்து முள் சாக்கெட்டுக்குப் பதில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் இருக்கும். அதில் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு விதம். 2018இல் ஏ-தான் தரம் என்று முடிவானது. ஆனாலும் பி வகைப் பெடல்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. பெடல் உயிரற்றுக் கிடந்தால் முதலில் கேபிளைச் சந்தேகிக்கவும்.

மிச்சம் இருப்பவர்கள், வாசிக்கும் நோட்டே எண்ணாக வேண்டும் என்பவர்கள். வீட்டில் பாட்டமைப்பவர்கள் இதில் அதிகம். கீபோர்டில் விரல் ஓடாது, பேஸில் ஓடும். மனதில் வரும் வரியைப் பேஸில் வாசித்து அதைச் செலோவாக மாற்ற ஆசை. இவர்களுக்கு நான் சொல்வது: ஒரு ரூபாயும் செலவழிக்கும் முன், பதிவுசெய்து பிறகு மாற்றுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸில் பேஸைச் செருகி வழக்கம்போல் பதிவுசெய்யுங்கள். மைக் உள்ளீட்டில் வேண்டாம், கருவிக்கான உள்ளீட்டில். பிறகு மென்பொருளைக் கொண்டு அதை மிடியாக மாற்றலாம். லாஜிக்கில் ஃப்ளெக்ஸ் பிட்ச், கியூபேஸில் வேரிஆடியோ, ஏபிள்டன் லைவில் மெலடியை மிடியாக மாற்றும் வசதி, தனியாக மெலடைன். எதுவும் இல்லாவிட்டால், ஸ்பாட்டிஃபை 2022இல் இலவசமாக வெளியிட்ட பேசிக் பிட்ச் இருக்கிறது. பதிவில் மென்பொருள் முன்னும் பின்னும் பார்க்க முடியும். எத்தனை அதிர்வை வேண்டுமானாலும் எண்ணட்டும், தாமதம் என்ற பேச்சே இல்லை. ஆக்டேவ் தவறிய நோட்டை எலியால் இழுத்துக் கீழே வைத்தால் தீர்ந்தது.

நேரடியாக வாசிக்க வேண்டுமென்றால்

ஒரு சமயத்தில் ஒரே நோட் வாசிப்பவர்களுக்குச் சிறப்புப் பிக்கப் தேவையில்லை. பேஸின் சாதாரண ஜாக்கிலேயே செருகி, ஐந்து முள் மிடியாக வெளியே தரும் சோனூஸ் பி2எம் போன்ற சிறு பெட்டிகள் உண்டு. கணினி இருந்தால் ரீப்பர் மென்பொருளோடு வரும் ரீட்யூன் கேட்ட சுருதியை மிடியாக அனுப்பும். ஜாம் ஆரிஜின் நிறுவனம் பேஸுக்கென்றே மிடி பேஸ் என்ற மென்பொருளைச் செய்திருக்கிறது. கணினி வழி போகிறவர்கள் பஃபர் அளவைப் பார்க்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது 2.7 மில்லி விநாடி, 1,024 என்றால் 21. தந்தியின் தாமதத்தைக் கணினியில் குறைக்க வழியில்லை, இதைக் குறைக்கலாம்.

இனி எல்லாம் கையில் இருக்கிறது. அதாவது, உங்கள் கையில். கழுத்துப் பக்கப் பிக்கப்பைத் தேர்ந்தெடுங்கள், டோன் குமிழைக் குறையுங்கள், அடிநாதம் தெளியும். வாசிக்காத தந்திகளை இடக்கையாலும் வலக்கைக் கட்டைவிரலாலும் அமுக்கிவையுங்கள். சாதாரண வாசிப்பில் காதில் விழாத சிறு உராய்வுகூட இங்கே ஒரு எக்காள நோட்டாக வெடிக்கும். ஸ்லாப் வாசிப்பை மறந்துவிடுவது நல்லது. வேகத்தைவிடச் சீரான அழுத்தம் முக்கியம். மெல்ல ஆனால் திடமாக, ஒரே இடத்தில் மீட்டிப் பழகுங்கள்.

தாழ்ந்த தந்தியை வாசிக்காமலே தாழ்ந்த நோட்டை வரவழைக்கலாம் என்பது பலருக்குத் தோன்றாத உபாயம். டி தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் இருப்பதும் இ-தான், ஒரு ஆக்டேவ் மேலே. அங்கே ஓர் அதிர்வு 12 மில்லி விநாடியில் முடிகிறது. அதை வாசித்து, சின்தில் 12 அரைச்சுரம் இறக்கிவிடுங்கள். தாமதம் பாதியாகிவிடும். இதிலேயே நிலைத்துவிட்டவர்கள், ஒரு ஆக்டேவ் மேலே சுருதி கூட்டும் பிக்கோலோ தந்திகளை இன்னொரு பேஸில் மாட்டிவிடுகிறார்கள். கணக்குப்படி அது அப்போது ஒரு கிட்டார்.

ஒலியையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்ல எழும் ஸ்ட்ரிங்ஸ், பேடு, காற்றுக்கருவி ஒலிகளில் 30, 40 மில்லி விநாடி தெரியாது. பியானோ, மரிம்பா, ‘டக்’ என்று தொடங்கும் சின்த் பேஸ் ஒலிகளில் அப்பட்டமாகத் தெரியும். ஆசைப்பட்டு எல்லோரும் முதலில் போடுவது இந்த இரண்டாம் வகையைத்தான்.

சுருதி இழுப்புக்கும் ஒரு பொறி இருக்கிறது. மிடியில் இழுப்பின் எல்லை வழக்கமாக மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம். பேஸிலிருந்து அனுப்பும் கருவியோ பெரும்பாலும் 12 அல்லது 24க்கு வைத்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே எண் இல்லையென்றால், நீங்கள் முழுதாக ஏறும் இடத்தில் சின்த் கால்வாசிகூட ஏறாது, சுருதி பேதம் ஊரைக் கூட்டும். தந்திக்கொரு பிக்கப் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு தந்திக்கும் தனிச் சேனல் ஒதுக்க வேண்டும். மொத்தம் 16 சேனல் இருக்கின்றன. இல்லையெனில் ஒரு தந்தியை இழுத்தால் ஒலித்துக்கொண்டிருக்கும் மற்றதும் கூடவே வழுக்கும்.

2020இல் அறிவிக்கப்பட்ட மிடி 2.0 அழுத்தத்தையும் இழுப்பையும் மேலும் நுணுக்கமாகச் சொல்லும். நல்லதுதான். ஆனால் இ தந்தி அதனால் வேகமாக அதிரப்போவதில்லை. ஐந்து தந்தி பேஸின் கீழ் பி-யில், டிரம்மரோடு ஒட்டி, மேடையில் சின்த் பேஸ் வாசித்தே தீர வேண்டும் என்பவர்கள் 25 கட்டை உள்ள சின்ன மிடி கீபோர்டு ஒன்றை வாங்கி, மூன்று மாதம் விரல் பழகுங்கள். பேஸில் பிக்கப் பொருத்துவதைவிட அது மலிவு, பலனும் நிச்சயம்.