ஒரு துளி ரத்தத்தில் புற்றுநோய்ச் சோதனை: பணம் கட்டும் முன்...

விரல்நுனி ரத்தத்தில் சில நிமிடங்களில் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் நானோ சென்சார் என்று அடிக்கடி செய்தி வருகிறது. ஆராய்ச்சி உண்மையானது. ஆனால் ஆய்வகத்தில் வென்ற கருவியெல்லாம் நோயைத் தீர்மானிக்கும் தகுதி பெற்றுவிடுவதில்லை.

எப்படி வேலை செய்கிறது?

1962-இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த குளுக்கோஸ் சென்சாரின் வழிவந்தவை இவை. தங்க நானோ துகளோ கிராஃபீனோ பூசிய மின்முனையில் ஆன்டிபாடிகளைப் பதிக்கிறார்கள். புற்றுநோய்க் குறிப்பான் புரதம் வந்து ஒட்டினால் மின்சமிக்ஞை மாறும். அதை வைத்து அளவைக் கணிக்கிறார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க் குறிப்பானான பி.எஸ்.ஏ. சோதனையில் மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம்தான் வழக்கமான எல்லை. அவ்வளவு நுண்ணிய அளவைப் பிடிக்கவே நானோ பொருள்கள் உதவுகின்றன.

ஆபத்து எங்கே?

அளவு சரியாக இருந்தாலும் முடிவு தவறலாம். புராஸ்டேட் வீக்கத்தில் பி.எஸ்.ஏ. கூடும். மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸில் சி.ஏ.125 என்ற குறிப்பான் கூடும். புகைபிடிப்பவருக்கு சி.இ.ஏ. என்ற குறிப்பான் கூடும். ஆரம்பநிலைப் புற்றுநோயில் இவை இயல்பாகவும் இருக்கலாம். பெரும்பாலான கட்டிகளில் பயாப்ஸிதான் நோயை உறுதிசெய்கிறது.

உங்கள் உரிமை

மருத்துவக் கருவி விதிகள் 2017-இன்படி புற்றுநோய் கண்டறியும் சோதனைக் கருவி 'சி' பிரிவு. அதைத் தயாரிக்க மத்திய உரிமம் வேண்டும். புனேயின் ஆக்டோரியஸ் நிறுவனம், காந்த நானோ துகள்களால் ரத்தத்தில் சுற்றும் புற்றுச் செல்களைப் பிடிக்கும் ஆன்கோடிஸ்கவர் சோதனைக்கு அப்படி உரிமம் பெற்றது. எந்தச் சோதனையாக இருந்தாலும் உரிமம் உண்டா, எந்த நோய்க்கு, யாருக்குப் பயன்படுத்த என்று கேளுங்கள். ஆய்வுக்காக ரத்தம் கேட்டால், புரியும் மொழியில் விளக்கம் பெற்ற பிறகே கையெழுத்திடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் உங்கள் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது.

ஏமாற்றப்பட்டால்?

ரசீது, அறிக்கை, விளம்பரம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு நலவாழ்வு மையங்களில் இலவசம். முதலில் அங்கே செல்லுங்கள். ஆறாத புண்ணோ கட்டியோ இருந்தால், எந்தச் சென்சார் 'இல்லை' என்று சொன்னாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.