வழக்கமும் வாழ்க்கையும் – 9: முறைப்பெண்ணும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

அபுதாபியை ஒட்டிய முசஃபாவின் பட்டறைகளில் வேலைக்குச் சேரும் தமிழ் இளைஞன் மெடிக்கலில் தேறினால்தான் விசா. ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். விசாவைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் போக வேண்டும். கம்பெனிக்காக இத்தனை முறை கை நீட்டுகிறவனிடம், ஒரு மாத லீவில் ஊருக்குப் போய்த் தாலி கட்டும்போது யாரும் எந்தச் சோதனையும் கேட்பதில்லை. லீவு குறைவு, வெளியில் பெண் தேட நேரமில்லை, ‘சொந்தத்திலேயே முடித்துவிடலாம்’ என்று பெரியவர்கள் போனிலேயே பேசிவிடும் வீடுகள் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் ரத்த உறவில் மணந்தவர்கள். இந்திய அளவில் அது 11 சதவீதம்தான்.

முசஃபாவில் அவன் அன்றாடம் காணும் அரபு மக்களிடமும் உறவுத் திருமணம் அதிகம். ஆனால் அவர்கள் மரபில் முதல் உரிமை சித்தப்பா, பெரியப்பா மகளுக்கு. நம் இந்துக் குடும்பங்களில் அவள் தங்கை, நினைத்தாலே பாவம். நாம் உரிமையோடு மணக்கும் அக்காள் மகளோ இஸ்லாத்தில் விலக்கப்பட்டவள். இரு தரப்பும் தத்தம் முறையே இயற்கையானது என்று நம்புகின்றன. உடலுக்கு இந்த முறை தெரியாது. மாமன் மகளானாலும் சித்தப்பா மகளானாலும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது; தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு. ஒரே பழுதான மரபணு இருவரிடமும் மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் அந்த நோய் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாலசீமியாவும் பிறவிச் செவிட்டில் பல வகைகளும் இப்படித்தான் வருகின்றன.

‘எங்கள் தாத்தா பாட்டியும் சொந்தம்தான், எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறோம்’ என்பார்கள். அது பொய்யல்ல. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. அங்குள்ள பாகிஸ்தானியக் குடும்பங்களில், உறவில் மணந்தவர்களின் குழந்தைகளிடம் பிறவிக் குறை 3 சதவீதத்திலிருந்து 6 ஆக உயர்ந்திருந்தது. நூற்றில் 94 குழந்தைகள் அந்தக் குறை இல்லாதவர்கள். அவர்களைப் பார்த்தே வழக்கம் தொடர்கிறது. மற்ற ஆறு பேரின் வீட்டில் அதை விதி என்று சொல்லிவிடுகிறோம். சொத்து சிதறாது, பெண் தெரிந்த வீட்டில் பாதுகாப்பாக இருப்பாள் என்ற காரணங்களும் அற்பமானவை அல்ல. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம்கூட மாமன்–அக்காள் மகள் மணத்தைத் தடுத்துவிட்டு, வழக்கம் இருந்தால் செல்லும் என்று வழிவிட்டிருக்கிறது. உறவில் மணப்பதையே குற்றம் என்று நான் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக அதே வீட்டில் பெண் எடுத்தும், ஒரு கேள்வியும் கேட்காமல் இருப்பதுதான் ஆபத்து.

அரபு சமூகம் கேட்கத் தொடங்கிவிட்டது. மணம் முடிக்கும் குடிமக்களுக்கு மரபணுப் பரிசோதனை 2024 அக்டோபரில் அபுதாபியிலும், 2025 ஜனவரியில் அமீரகம் முழுவதிலும் கட்டாயமானது. 570 மரபணுக்களைப் பார்க்கிறார்கள். முடிவைச் சொல்லி ஆலோசனை தருவார்கள். மணப்பது அவர்கள் விருப்பம். நம் ஊரில் இதற்கு எழும் பெரிய தடை, ‘சோதனையில் ஏதாவது தெரிந்தால் பெண்ணின் பெயர் கெட்டுவிடும்’ என்பது. இத்தகைய நோய்க்கு இருவரின் பங்கும் வேண்டும். பெண்ணிடம் மட்டும் அந்த மரபணு இருந்தால் குழந்தைக்கு நோய் வராது. சோதிக்காததால் அவள் பெயர் காப்பாற்றப்படுவதும் இல்லை. குறையோடு குழந்தை பிறந்தால் பழி தாய் மீதுதான் விழுகிறது. கணவன் முசஃபாவில் இருக்க, ஆஸ்பத்திரிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் அவள் தனியாக அலைகிறாள்.