தலைகீழாகத் துயிலும் கிளி

கிளி என்றதும் நீண்ட வாலும் சிவந்த மூக்கும் உடைய பறவையே நம் நினைவுக்கு வரும். ஆனால், நம் நாட்டுக் காடுகளிலும் தோட்டங்களின் ஓரங்களிலும் வாழும் கிளிகளுள் ஒன்றுக்கு இவ்விரண்டுமே இல்லை. அதன் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர்தான். வால் குட்டை, அலகு கறுப்பு. மலாய்க்காரர்கள் அதனைச் செரிண்டிட் என்பர். தமிழில் நீலமுடித் தொங்குகிளி எனலாம். தென் தாய்லாந்து, தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர், சுமத்ரா, போர்னியோ ஆகிய பகுதிகளே இதன் தாயகம். சுமத்ராவின் ரியாவ் மாநிலம் இதனைத் தன் அடையாளப் பறவையாகக் கொண்டுள்ளது.

சேவலின் உடல் பச்சை. உச்சந்தலையில் நீலப் பொட்டு, தொண்டையில் சிவப்பு, மேல்முதுகில் பொன் மஞ்சள், கீழ்முதுகில் மஞ்சட் பட்டை, அதனையடுத்து வாலின் மேற்புறம் வரை செந்நிறம். பெட்டைக்குத் தொண்டைச் சிவப்பு இல்லை. மற்ற நிறங்களும் மங்கலே. இத்தனை வண்ணங்கள் இருந்தும் இதனைக் கண்டவர் சிலரே. காட்டையடுத்த நிரைகளில் மரம் சீவுவோர் தலைக்கு மேலே கூர்மையான மெல்லிய கீச்சொலியைக் கேட்டிருக்கலாம். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது அம்பெனப் பறந்து மறைந்துவிடும்.

மாலையானதும் இக்கிளி ஒரு சிறு கிளையைக் கால்களால் பற்றி, வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கியபடி உறங்குகிறது. அந்நிலையில் அது பசிய இலையாகவே தோன்றும். பகைவரின் கண்ணுக்குத் தப்பவே இவ்வழக்கம் ஏற்பட்டிருக்கலாம் என்பது பறவையியலார் கருத்து.

உண்ணும்போதும் தொங்குவதுண்டு. பூந்தேன், பூமொட்டு, மென்மையான பழங்கள், சிறு விதைகள் ஆகியன இதன் உணவு. தென்னம்பாளையை நாடி வருவதும் அதன் தேனுக்காகவே. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் வாழும் இதன் உறவினமான தொங்குகிளி, மரத்தில் கட்டிய கலயத்துக் கள்ளைக் குடித்து மயங்கிக் கிடப்பதுண்டாம். கள்ளின் வேலை கிளியையும் விடுவதில்லை போலும்!

வியப்புக்குரியது இதன் கூடுதான். பெரும்பாலான கிளிகள் பொந்துக்குள் எதனையும் பரப்பாமல் முட்டையிடும். இக்கிளியோ இலையின் ஓரத்தை அலகால் நாடாப் போல நறுக்கி, அத்துண்டுகளைத் தன் பின்முதுகுச் சிவப்பு இறகுகளுக்கிடையே செருகிக்கொள்கிறது. சுமை கட்டிய பெண்ணைப் போல அவற்றுடன் பறந்து சென்று பொந்துக்குள் பரப்புகிறது. ஆப்பிரிக்காவின் காதற்கிளிகள் சிலவற்றுக்கும் இப்பழக்கம் உண்டு. பெட்டை 3 அல்லது 4 முட்டைகளிட்டு ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாக்கும். அக்காலத்தில் அதற்கு இரையூட்டுவது சேவலின் கடமை.

இக்கிளியினம் உடனடியாக அழியும் நிலையில் இல்லை. எனினும், அழகே இதற்கு ஆபத்தாக அமைந்துள்ளது. பசை தடவிய குச்சிகளை வைத்துப் பிடித்துக் கூண்டில் அடைத்து விற்போர் உளர். தேனும் மென்பழமும் தின்னும் பறவைக்கு வெறும் தானியம் போதாது. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றி இதனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும். சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பிள்ளைகளுக்காக வாங்குவோர் இதனை அறிந்திருப்பது நலம்.

மற்றோர் இடர் பொந்துப் பஞ்சம். ஏற்கெனவே உள்ள பொந்தையே இக்கிளி தேடுகிறது. பால்மரங்களோ 25, 30 ஆண்டுகளில் மறுநடவுக்காக வெட்டப்படுகின்றன. பொந்து விழும் முதுமையை அவை அரிதாகவே எட்டுகின்றன. ஆதலால் ஆற்றோரத்திலும் பள்ளத்திலும் எஞ்சி நிற்கும் பழைய மரங்களும் பட்ட மரங்களுமே இதற்குப் புகலிடம். லயத்தின் மீது சாயக்கூடிய பட்ட மரத்தை வெட்டத்தான் வேண்டும். எவருக்கும் இடையூறின்றி ஒதுங்கி நிற்பதை விட்டுவைக்கலாம். வெட்டியே ஆகவேண்டுமெனில், முதல்நாள் சற்றுநேரம் நின்று, பொந்துக்குப் பறவை வந்துபோகிறதா எனப் பார்த்துக்கொள்க. வந்துபோகுமாயின், குஞ்சுகள் பறந்து வெளியேற முட்டை பொரித்ததிலிருந்து ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும்.